மடிப்பு விழுந்த வரைபடம்

இதெல்லாம் எனக்குச் சரியாக நினைவிருக்கிறதா என்று கேட்டால் உறுதியாகச் சொல்ல முடியாது. நடந்தது 2003ஆ 2004ஆ என்பதிலேயே குழப்பம். சுனாமிப் பேரலை வந்ததற்கு முந்தைய வருஷம் என்று ஹேமலதா ஒரு முறை சொன்னாள். இன்னொரு முறை அதே வருஷம் என்றாள். அம்மாவாசை என்பவர் அவள் வீட்டுக்கு வந்த அன்று மழை பெய்ததா இல்லையா என்பதும் ஒவ்வொரு முறையும் மாறியது. மாறாமல் இருந்தது அந்த இரண்டு மாதமும் அவள் வயிற்றில் குடியிருந்த பயம்தான். அதைச் சொல்லும்போது மட்டும் ஒரு வார்த்தைகூட முன்பின் ஆகவில்லை. மற்றது கொஞ்சம் பிசகியிருந்தாலும் அதை நம்பித்தான் இந்தக் கதையைச் சொல்கிறேன்.

ஹேமலதாவுக்கு அப்போது இருபத்து நான்கு வயது. புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் விழுப்புரம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில், மாடியில் இருந்த சின்ன அலுவலகத்தில் வேலை. முதலாளி ரிச்சர்ட். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். ரிச்சர்ட் பிரான்சில் படித்து, சில வருஷம் அங்கே வேலை பார்த்து, குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று திரும்பி வந்தவர். லியோன் நகரத்தில் கணினி விளையாட்டுகள் தயாரிக்கும் ஒரு கம்பெனி அவருக்கு வேலை அனுப்பிக்கொண்டிருந்தது. எல்லாம் படை நகர்த்தும் விளையாட்டுகள். குதிரைப்படையை எங்கே நிறுத்துவது, பீரங்கியை எந்த மேட்டில் ஏற்றுவது என்று யோசித்து யோசித்து ஆடுவார்கள். அந்தப் படைகள் நிற்பதற்கு ஒரு நிலம் வேண்டும். அந்த நிலத்தை ஹேமலதா செய்தாள்.

செய்கிற முறை சுலபமானது. போட்டோஷாப்பில் ஒரு பெரிய சதுரம். அதில் கறுப்பு என்றால் தாழ்ந்த இடம், வெள்ளை என்றால் உயர்ந்த இடம். நடுவில் இருநூற்றைம்பது சொச்சம் சாம்பல் நிறங்கள். அந்தச் சாம்பல் படத்தை விளையாட்டுக்குள் ஏற்றினால் வெள்ளையெல்லாம் மலையாக எழும்பும், கறுப்பெல்லாம் பள்ளமாக இறங்கும். அடுத்தடுத்த சாம்பலுக்கு நடுவே கொஞ்சம் இடைவெளி விட்டுவிட்டாலும் நிலம் படிக்கட்டு மாதிரி வெட்டி வெட்டி நிற்கும். அதை மழுப்பி மழுப்பிச் சரிவாக்க வேண்டும். பக்கத்து மேஜை ஹரிகிருஷ்ணன் அந்த நிலத்தில் வைக்க மரமும் பாறையும் வீடும் செய்பவன். "நீ பூமாதேவி, நான் உன்கிட்ட தோட்டக்காரன்" என்பான்.

அந்த முறை வந்தது வெளியூர் நிலமல்ல. ஆயிரத்து எழுநூற்று அறுபதில் இங்கிலீஷ்காரர்கள் புதுச்சேரிக் கோட்டையை முற்றுகையிட்டது பற்றிய விளையாட்டு. தான் தினமும் சைக்கிளில் போய் வருகிற ஊரையே செய்ய வேண்டும் என்றதும் ஹேமலதாவுக்கு உற்சாகம். ஊர் தட்டையாகக் கிடந்தால் பார்க்க நன்றாயிருக்காது என்று மேற்கே நான்கு குன்றுகளைத் தாராளமாக எழுப்பி அனுப்பினாள். நான்கு நாளில் திரும்பி வந்தது.

"மேற்கால இது என்னம்மா ஹேமா, செஞ்சிக் கோட்டையா?" என்றார் ரிச்சர்ட்.

"சப்பையா இருந்தா நல்லா இருக்காதுன்னு போட்டேன் சார்."

"அழகு வேணாம், நெஜம் வேணும்னு லியோன்காரன் எழுதியிருக்கான். அவங்ககிட்ட ஒரு சரித்திர வாத்தியார் இருக்காராம். கோரிமேடு எவ்ளோ ஒசரம், ஊசுட்டேரிக் கரை எவ்ளோ ஒசரம், அங்கேருந்து பீரங்கி சுட்டா கோட்டைக்கு எட்டுமா, எல்லாம் கணக்கா வரணுமாம். இல்லேன்னா இந்த வேலைய வேற ஆளுக்குக் குடுத்துடுவான்."

"பெட்ரோல் குடுங்க சார், நான் டேப்பு எடுத்துனு போயி ஏரிய அளந்துட்டு வர்றேன்" என்றான் ஹரிகிருஷ்ணன். ரிச்சர்ட் சிரிக்கவில்லை.

உயரமெல்லாம் கணக்காகப் போட்ட சர்வே வரைபட ஷீட்டுகள் இருக்கத்தான் இருந்தன. ஆனால் கடலோரப் பகுதிக்கான ஷீட்டுகளைக் கடையில் விற்க மாட்டார்கள். சிவப்பு முத்திரை குத்தி, நம்பர் போட்டு, சில அரசு அலுவலகங்களில் பூட்டி வைத்திருப்பார்கள். வெளியே கொண்டுபோகவோ நகல் எடுக்கவோ கூடாது. வெளிநாட்டுக்கு அனுப்புவது என்றால் கேஸ். இது ஹேமலதாவுக்குத் தெரியும். அப்படி ஓர் அலுவலகத்தில்தான் அவளுடைய அண்ணன் கலியபெருமாள் படம் வரைபவனாக இருந்தான்.

ஒன்பது வருஷமாகத் தினக்கூலி. பாகூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து முதன்முதலாக அரசு அலுவலகத்துக்குள் நுழைந்தவன் என்று ஊரில் பேர். ஆனால் எந்த மாதம் வேண்டுமானாலும் நாளையிலிருந்து வராதே என்று சொல்லிவிடலாம். அந்த வருஷம்தான் அவனை நிரந்தரமாக்கும் ஃபைல் மேலே போயிருந்தது. சண்முகாபுரத்து வாடகை வீட்டில் அண்ணன், அண்ணி அஞ்சலாட்சி, அவர்களுடைய இரண்டு பெண் குழந்தைகள், ஹேமலதா என்று ஐந்து பேர். ஐந்து பேருடைய பேச்சும் எங்கே தொடங்கினாலும் அந்த ஃபைலில் போய்த்தான் முடியும்.

அன்று சாயங்காலம் சாப்பிடும்போது ஹேமலதா கேட்டாள். "ஒரு நாளைக்கு மட்டும்ணா. சனிக்கெழம ஸ்கேன் பண்ணிட்டு அப்படியே குடுத்துடறேன்."

"அது இன்னா ரேஷன் கார்டா, எடுத்துனு வந்து காட்டிட்டுப் போறதுக்கு?"

"வெளையாட்டுக்குத்தாண்ணா. ஒசரக் கோடுங்கள மட்டும் பாத்து வரஞ்சிக்குவேன்."

"வெளையாட்டுக்குத்தான்னு எனக்குத் தெரியும். அந்தச் செகப்பு சீலுக்குத் தெரியுமா?"

அஞ்சலாட்சி குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள். "ஒம்போது வருஷமா அந்த பீரோவுக்கு காவ காத்த. தங்கச்சி இதுவரைக்கும் வாயத் தொறந்து ஒண்ணு கேட்டதில்ல. ஒரு காயிதம் எடுத்துனு வர தெகிரியம் இல்லன்னா நேரா சொல்லிடு, அது பாட்டுக்கு வேற வழி பாக்கட்டும்."

கலியபெருமாள் தட்டோடு எழுந்துவிட்டான். ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் சைக்கிளில் ஒரு காகித உருளையோடு வந்தான். மேலே சாதாரண டிரேசிங் தாள், உள்ளே அந்த ஷீட். கதவைத் தாழிட்டுவிட்டுத்தான் விரித்துக் காட்டினான்.

"சுருட்டலாம். மடிக்கக் கூடாது. இது படுக்க வெச்சே இருக்கிற ஷீட்டு. அப்புறம் சீலு, நம்பரு, எங்க ஆபீஸ் முத்திர, இதுல எதுவும் கம்ப்யூட்டர்ல தங்கக் கூடாது. திங்கக்கெழம ஒம்போது மணிக்கு இது இழுப்பறையில இருக்கணும்."

"சரிண்ணா."

சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் அலுவலகத்தில் யாரும் இல்லை. ஸ்கேனர் சின்னது. ஷீட்டோ ஒரு மேஜை அகலம். துண்டு துண்டாக எடுத்துப் பிறகு ஒட்டவேண்டும். நான்கு பக்கத்திலிருந்தும் உள்ளே தள்ளித் தள்ளி எடுத்துக்கொண்டே வந்தாள். துண்டுகளை நேராகச் சேர்ப்பதற்கு ஓரத்துக் கட்டமும் எண்களும் வேண்டும் என்பதால் ஓரங்களையும் சேர்த்தே எடுத்தாள். ஓரத்தில்தான் அந்த முத்திரையும் நம்பரும் இருந்தன. பிறகு அழித்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

நடுவில் ஒரு சாண் அகலம் மட்டும் கண்ணாடிக்கு எட்டவில்லை. ஸ்கேனரின் மூடி முட்டியது. மூடியைக் கழற்றினால் எட்டும். ஆனால் போன வருஷம் அதன் கீல் உடைந்தபோது ஹரிகிருஷ்ணன் எம்-சீல் பசை வைத்து இறுக்கியிருந்தான். அது அசையவில்லை. அந்த ஒரு சாணில்தான் ஊசுட்டேரி இருந்தது. லியோன்காரர்கள் கேட்டது அதைத்தான்.

வெகுநேரம் அந்த ஷீட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கீழே தெருவில் ஒருவன் பழைய பேப்பருக்குக் குரல் கொடுத்துக்கொண்டு போனான். பிறகு மடித்தாள். மெல்லத்தான். விரலால் அழுத்தக்கூட இல்லை. மூடியை இறக்கியபோது மூடியே அழுத்திவிட்டது.

விரித்ததும் நடுவில் ஒரு கோடு தெரிந்தது. தடித்த அகராதி இரண்டை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோரும் கோயிலுக்குப் போயிருந்தபோது ஷீட்டின்மேல் வேட்டித் துணியைப் போட்டு இஸ்திரிப் பெட்டியை இளஞ்சூட்டில் தேய்த்தாள். சட்டைக்குச் செய்கிறதைக் காகிதத்துக்கும் செய்தாள். கோடு மங்கியது. ஆனால் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அந்த இடம் எண்ணெய் பட்டது போல மினுமினுத்தது. வேறு யார் கண்ணுக்கும் தெரியாது என்று சொல்லிக்கொண்டு சுருட்டி வைத்தாள். திங்கட்கிழமை காலை அண்ணன் விரித்துப் பார்க்காமல் எடுத்துப் போனான்.

ஸ்கேன் செய்ததை ஒட்டி அடியில் வைத்துக்கொண்டு, மேலே கண்ணாடித் தாள் போன்ற வேறொரு லேயரில் கோடுகளைப் பின்பற்றி நிறம் நிரப்பினாள். ஆறே நாளில் ஊர் எழுந்தது. கிழக்கே கறுப்பு, மேற்கே போகப் போக வெளுப்பு, நடுவில் ஏரி ஒரு கறை. வேலை முடிந்ததும் அடி லேயரின் பக்கத்திலிருக்கும் கண் அடையாளத்தைத் தட்டினாள். ஷீட் மறைந்தது. திரையில் சாம்பல் நிலம் மட்டும் நின்றது. தங்களுக்கு வேண்டிய மாற்றம் செய்துகொள்ள லேயர்களோடு உள்ள ஃபைலையே அனுப்பச் சொல்லி லியோன்காரர்கள் கேட்டிருந்தார்கள். அப்படியே அனுப்பினாள். மறைத்தது அழிந்ததாகாது என்பது அந்த வேலை தெரிந்த யாருக்கும் தெரியும். ஹேமலதாவுக்கும் தெரியும். தன் கண்ணுக்குத் தெரியவில்லை என்ற நிம்மதி அன்று அந்த அறிவை முந்திக்கொண்டது, அவ்வளவுதான்.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலை ரிச்சர்ட் தன் அறையிலிருந்து குதூகலமாகக் கூப்பிட்டார்.

"ஹேமா, ஹரி, ரெண்டு பேரும் வாங்க. நம்ம படத்த வெப்சைட்ல போட்டுட்டாங்க."

விளையாட்டு எப்படித் தயாராகிறது என்று ஆடுபவர்களுக்குக் காட்டும் பக்கம் அது. நடுவில் ஒரு பெரிய படம். ஹேமலதா செய்த சாம்பல் நிலமல்ல, அந்த ஷீட். கீழே இடது மூலையில் சிவப்பு முத்திரை. அதன் பக்கத்தில் கையால் எழுதிய நம்பர். அதற்குக் கீழே அண்ணனுடைய அலுவலகத்தின் ஊதா நிற வட்டம். நடுவில் மேலிருந்து கீழாக ஒரு மடிப்பு.

"ஃபைலுக்குள்ள ஒளிஞ்சிருந்ததாம். தொறந்து பாத்திருக்கான், பிரமிச்சுட்டான்" என்றார் ரிச்சர்ட். "அந்தச் செகப்பு சீல்தான் அவனுக்கு ரொம்பப் பிடிச்சிருக்காம். ரகசிய மேப்பு மாதிரி இருக்காம். வெளையாட்டு விக்கிற பெட்டியிலயும் அச்சடிக்கலாமான்னு யோசிக்கிறானாம்."

"ஹேமா இன்டர்நேஷனல் ஆயிட்டா" என்றான் ஹரிகிருஷ்ணன். "இனிமே டீ வாங்கியாரச் சொன்னாகூட அப்பாயின்ட்மென்ட் கேக்கணும்."

ஹேமலதா அறையிலிருந்து வெளியே வந்தாள். பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாளி நிரம்பி வழிந்து காலை நனைத்தபோதுதான் நிறுத்தினாள்.

அன்றிலிருந்து பயம் வேறு மாதிரி ஆயிற்று. அதுவரை அது ஓர் எண்ணமாக இருந்தது. இப்போது ஓர் ஆளாகக் கூடவே வந்தது. சைக்கிளில் போகும்போது பின்னால் ஜீப் சத்தம் கேட்டால் கால் மிதிப்பதை நிறுத்திவிடும். அலுவலகப் படிக்கட்டில் புதிய செருப்புச் சத்தம் கேட்டால் அது மேலே வந்து தண்ணீர் கேன் போடுபவன் முகமாக மாறும்வரை மூச்சு வராது. வீட்டில் அண்ணன் சாப்பிடும்போது அவன் தட்டையே பார்ப்பாள். யாரோ எங்கேயோ ஓர் அறையில் அந்தப் பக்கத்தைத் திறக்கிறார், நம்பரைக் குறித்துக்கொள்கிறார், போனை எடுக்கிறார். அந்த யாரோவுக்கு முகம் இல்லை. அதனால் எல்லா முகமும் அவருடையதாக இருந்தது.

எடுத்துவிடச் சொல்லி எழுதலாம். ஆனால் ஏன் என்று கேட்பார்கள். காரணத்தை ரிச்சர்டிடம் சொல்ல வேண்டும். அவர் அதைப் பிரெஞ்சில் எழுத வேண்டும். எழுதினால் அதுவே சாட்சி. இரண்டு நாள் யோசித்து, மூன்றாம் நாள் அவர் மேஜைக்கு முன் போய் நின்றாள்.

"சார், அந்தப் படம் ரஃப் சார். ஒட்டுப் போட்டது எல்லாம் தெரியுது. பெட்டியில போட்டா நமக்குத்தான் அசிங்கம். நான் நல்லதா ஒண்ணு பண்ணித் தர்றேன். அந்தக் காலத்துப் பாணியில, கப்பலெல்லாம் போட்டு."

ரிச்சர்ட் கண்ணாடியைக் கழற்றினார். "அந்த ஷீட்டு எங்கேருந்தும்மா எடுத்தே?"

"பழைய புஸ்தகக் கடையில சார்."

அவர் கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்தார். மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேன் ஒரு சுற்றுக்கு ஒரு முறை டக் என்றது. அதை எண்ணிக்கொண்டு நின்றாள். பதினேழு வரை எண்ணினாள்.

"எத்தன நாளாகும்?" என்றார்.

"மூணு நாள்."

அவருக்குப் புரிந்துவிட்டதா இல்லையா என்பது அவளுக்குக் கடைசிவரை தெரியாது.

மூன்று நாளும் வேறு எதையும் பார்க்கவில்லை. தேநீர்க் கறை போன்ற ஒரு பழுப்பைப் பரப்பினாள். கடலில் மூன்று கப்பல், மூலையில் திசை காட்டும் நட்சத்திரம், தலைப்பில் ரிச்சர்ட் எழுதித் தந்த பிரெஞ்சு வரி. முத்திரை இல்லை, நம்பர் இல்லை, மடிப்பும் இல்லை. இந்த முறை லேயர் எல்லாவற்றையும் ஒன்றாக்கி, அந்த ஒன்றையும் நான்கு முறை திறந்து பார்த்துவிட்டு அனுப்பினாள். பதில் வரவில்லை. தினமும் காலையில் செருப்பைக் கழற்றியதும் அந்தப் பக்கத்தைத் திறப்பாள். மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் படம் இறங்கும். கடைசியில் சிவப்பு முத்திரை வந்து நிற்கும்.

பழைய படம் அப்படி நின்றுகொண்டிருந்த நாட்களில்தான் அண்ணனுடைய அலுவலகத்தில் வருஷாந்தரச் சரிபார்ப்பு வந்தது. ஒவ்வொரு ஷீட்டையும் எடுத்து, நம்பரைப் பார்த்து, நிலைமை எப்படி என்று எழுத வேண்டும். சூப்பரின்டெண்டென்ட் சக்கரபாணி அதில் கறாரானவர். ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் சாய்த்துத்தான் பார்ப்பாராம்.

கலியபெருமாள் சட்டையைக் கழற்றாமலே வந்து உட்கார்ந்தான்.

"ஒரு ஷீட்டுல மடிப்பு இருக்காம். இஸ்திரி போட்ட மாதிரி மினுக்குதாம். யாரு எடுத்ததுன்னு கேக்கறாங்க."

அஞ்சலாட்சி கையிலிருந்த கரண்டியை வைத்தாள். "உன்னியவா கேக்கறாங்க?"

"சாவி ரெண்டு பேரு கையிலதான் பொழங்குது. என் கையில, அம்மாவாசைண்ணன் கையில."

அம்மாவாசை அந்த அலுவலகத்தில் கதவு திறப்பது, பெருக்குவது, இழுப்பறைகளில் அந்துருண்டை போடுவது என்று எல்லாம் செய்பவர். அவரும் தினக்கூலிதான். கரிக்கலாம்பாக்கத்துக்காரர். ஐம்பதைத் தாண்டியவர். கொல்லையில் காய்த்ததைப் பையில் போட்டு எப்போதாவது வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுப்பார்.

கை கழுவக் குழாயடிக்குப் போன கலியபெருமாள் தங்கையைக் கூப்பிட்டான். அண்ணி உள்ளே குழந்தைகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"நீ மடிச்சியா?"

ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் அந்த ஆமாமுக்குப் பின்னால் இன்னொரு கேள்வி இருந்தது. படம் எங்கே போயிற்று என்ற கேள்வி. அதற்குப் பின்னால் லியோன் இருந்தது, சிவப்பு முத்திரை இருந்தது, முகமில்லாத அந்த ஆள் இருந்தார்.

"இல்லண்ணா."

கலியபெருமாள் அவளைப் பார்த்தான். அவள் பொய் சொல்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்ததும், தெரிந்தது அவளுக்குத் தெரிந்ததும் ஒரே நேரத்தில் நடந்தது. கழுவின கையையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தான்.

"சரி" என்றான். உள்ளே போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவாசை வந்தார். கையில் கத்திரிக்காய்ப் பை. கலியபெருமாள் நாற்காலியை இழுத்துப் போட்டான். ஹேமலதா சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"தம்பி, என்னிய எழுதிக் குடுக்கச் சொல்றாரு சக்கரபாணி. நான்தான் கவனக்கொறவா மடிச்சிட்டேன்னு. எழுதாட்டா போலீசுக்கு எழுதுவேங்கறாரு. ஒரு காயிதத்த மடிச்சி நான் இன்னா பண்ணப் போறேன்? சட்டப்பையில வெச்சினு போறதுக்கு அது இன்னா லாட்டரிச் சீட்டா?" சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"நீங்க இன்னா சொன்னீங்கண்ணே?"

"அந்துருண்ட போட்டேன், அத்தோட சரின்னு சொன்னேன். நீ மடிக்கலன்னு எனக்குத் தெரியும். நீ படம் போடறவன், காயிதத்த பச்சப்புள்ள மாதிரி தூக்கறவன். உன்மேல சந்தேகம் வந்திருந்தா நான் உன் ஊட்டு வாசப்படி ஏறமாட்டேன். மடிப்பு பழசு, போன வருஷமே இருந்திச்சின்னு நீ ஒரு வார்த்த சொல்லிட்டன்னா அவரு வுட்டுடுவாரு. அதான் வந்தேன்."

 எதிர்வீட்டு மாடியில் யாரோ துணி உதறினார்கள்.

"போன வருஷ லிஸ்ட்டுல அந்த ஷீட்டு நல்லா இருக்குன்னு எழுதியிருக்குண்ணே" என்றான் கலியபெருமாள். "நான்தான் எழுதினேன். இப்ப மாத்திச் சொன்னா..."

"ஆமா" என்றார் அம்மாவாசை. கொஞ்சம் யோசித்தார். "மாத்திச் சொன்னா உன் ஃபைலு நிக்கும். அது எனக்குத் தோணல பாரு. சரி, வுடு."

தண்ணீர் கேட்டார். ஹேமலதா சொம்பைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். கொஞ்சம் அவர் வேட்டியில் சிந்தியது. அவர் கவனிக்கவில்லை.

"பாப்பா கம்ப்யூட்டர்ல பூமியெல்லாம் வரையுதாமே. தம்பி சொல்லுச்சி. எங்க ஊரு வருமா அதுல?"

"வரும்" என்றாள்.

"மேடா பள்ளமா?"

"பள்ளந்தான்."

"ஆமா, மழ பேஞ்சா நாலு நாளைக்கு நிக்கும்" என்றார். பெருமைபோலச் சொன்னார். வெறும் பையை உதறி மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

அவர் தெருமுனை திரும்புகிறவரை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கூப்பிட்டிருந்தால் கேட்கும் தூரம்தான். கலியபெருமாள் வாசற்படியில் ஒரு காலை இறக்கி வைத்தான். ஹேமலதா அதையே பார்த்தாள். அவன் கூப்பிட்டுவிடுவானோ என்று பயந்தாள். அவன் கூப்பிடவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஹேமலதா அந்தப் பக்கத்தைத் திறந்தாள். மேலிருந்து இறங்கிய படம் பழுப்பாக இருந்தது. மூன்று கப்பல்கள் வந்தன. மூலையில் நட்சத்திரம் வந்தது. சிவப்பு வரவேயில்லை. இரண்டு முறை, மூன்று முறை திறந்து பார்த்தாள். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினாள். அன்று மத்தியானம் டப்பாவிலிருந்த சோறு முழுவதையும் சாப்பிட்டாள். ஒரு மாதத்துக்குப் பிறகு பசித்துச் சாப்பிட்ட முதல் சாப்பாடு அது. சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அண்ணி வாசலிலேயே சொன்னாள், ஒன்றாம் தேதியிலிருந்து அம்மாவாசையை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். எழுதிக் கொடுத்துவிட்டாராம். எழுதத் தெரியாததால் சொல்லச் சொல்ல வேறு யாரோ எழுதி, அவர் கைநாட்டு வைத்தாராம். எழுதியது யார் என்று அண்ணி சொல்லவில்லை. கலியபெருமாள் அன்று சாப்பிடாமல் படுத்துவிட்டான்.

அதற்குப் பிறகும் பயம் போகவில்லை. படத்தை யார் யார் தங்கள் கணினியில் எடுத்து வைத்திருக்கிறார்கள் என்பது தெரியாதே. ஆனால் யாரும் வரவில்லை. ஒரு போன்கூட இல்லை. இரண்டே வருஷத்தில், வானத்திலிருந்து எடுத்த ஊரின் படத்தை யார் வேண்டுமானாலும் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து பார்க்கலாம் என்று ஆயிற்று. ஊசுட்டேரிக் கரையில் மேயும் மாட்டைக்கூட எண்ணலாம் என்று ஹரிகிருஷ்ணன் வந்து காட்டினான். ஹேமலதா அதைப் பார்க்க மாட்டேன் என்றுவிட்டாள்.

கலியபெருமாளை அடுத்த ஆகஸ்டில் நிரந்தரமாக்கினார்கள். இப்போது ஓய்வுபெற்று புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் சொந்த வீட்டில் இருக்கிறான். அந்த விளையாட்டு ஒரு வருஷம் தாமதமாக வெளிவந்து, அதிகம் விற்காமல் போயிற்று. ரிச்சர்ட் 2009இல் அலுவலகத்தை மூடிவிட்டுப் பிரான்சுக்கே போய்விட்டார். ஹரிகிருஷ்ணன் பெங்களூரில் இருக்கிறான். சக்கரபாணி பணியில் இருக்கும்போதே மாரடைப்பில் இறந்தார். அம்மாவாசை தட்டாஞ்சாவடியில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனி வாசலில் வாட்ச்மேனாக ஆறு வருஷம் இருந்தார். பிறகு கண் தெரியாமல் போய் ஊரோடு இருந்து, 2012இல் இறந்தார். கலியபெருமாள் சாவுக்குப் போய்விட்டு வந்தான். ஹேமலதா போகவில்லை. அவள் விழுப்புரத்தில் வாழ்க்கைப்பட்டு, ஒரு பள்ளிக்கூடத்தில் கணினி டீச்சராக இருக்கிறாள். அண்ணனும் தங்கையும் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பார்த்துக்கொள்கிறார்கள். அந்த ஷீட்டைப் பற்றி இருவரும் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.